மூக்கு தாழ்ந்த படகு

படகில் யாரும் இல்லை. இருந்தும் அதன் மூக்கு நாலு விரல் தாழ்ந்திருந்தது.

இளையவள் பலகைத்துறையின் நுனியில் கருவிப் பெட்டியோடு நின்று அதைப் பார்த்தாள். படகுப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரிப் படகுகளுக்கு மோட்டார் உள்ளே இருக்காது. வால்பக்கப் பலகையில், வெளியே, தொங்கும். நல்ல கனமான இரும்பு அது. அதனால் காலியாக நிற்கிற எந்த மோட்டார் படகும் பின்பக்கம் அமிழ்ந்து, முன்பக்கம் முகவாயைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கர்வமாகத்தான் நிற்கும். இது மட்டும் தலைகுனிந்து நின்றது, மடியில் எதையோ வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பவள்போல.

"அக்கா, உள்ள தண்ணி ஏறியிருக்குமோ? மூக்கு முங்கி நிக்குது பாரு."

பின்னால் வந்த அக்கா பார்க்காமலே பதில் சொன்னாள். "அது எப்பவும் அப்படித்தான்டி. பழைய படகு. இன்னும் பத்து வருஷம் போனா எனக்கும்தான் மூக்கு தொங்கும்."

இருவரும் சிரித்தார்கள். இளையவள் இறங்கி அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. காய்ந்த தூசியில் ஒரு சிலந்தி நிம்மதியாக வலை கட்டியிருந்தது. முன்பக்கத்துப் பெட்டியைத் திறந்தாள்; அதிலும் கனமாக ஒன்றும் இல்லை. ஒரு பழைய துணி, ஒரு காலி டப்பா. மூடும்போதுதான் படகின் பக்கவாட்டில் படிந்திருந்த பாசிக்கோட்டைக் கவனித்தாள். தண்ணீர் தொடும் மட்டத்தில் பச்சையாக ஒரு கோடு படிவது எல்லாப் படகுக்கும் உள்ளதுதான். இந்தக் கோடு சாய்ந்திருந்தது. வாலில் ஒரு விரல் உயரம், மூக்கில் ஒரு சாண் உயரம். ஒரு நாளில், ஒரு வாரத்தில் படிகிற கோடு இல்லை அது.

மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படகைச் சக்கரவண்டியில் ஏற்றி, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டறைக்கு இழுத்துப் போய்ச் சுரண்டித் துடைத்து வருவார்கள். இந்தப் படகுக்கு மட்டும் வண்டி கிடையாது. மூன்று வருடமாகத் தண்ணீரிலேயே கிடந்தது. ஒரு தடவை பட்டறைக்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்து இழுத்துப் பார்த்திருக்கிறார். வடம் இரண்டு முறை அறுந்து, அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் தொடலம்மா" என்று போய்விட்டார். அதன்பிறகு மோட்டார் வேலை எல்லாவற்றையும் அக்கா தண்ணீரிலேயே வைத்துச் செய்தாள். அதுவும் தனியாக.

அம்மா போனபோது இளையவளுக்கு வயது ஆறு. தலை வாரிவிட்டது, காய்ச்சலில் கண்விழித்தது, பள்ளிக்கூடத்துக் காகிதங்களில் அம்மா இடத்தில் கையெழுத்துப் போட்டது, எல்லாம் அக்காதான். அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோதும் தங்கையையும் கூட்டிக்கொண்டே புது வீட்டுக்குப் போனாள். அத்தான் எங்கிருந்தோ வாங்கி ஓட்டிவந்த படகு இது. மூன்று வருடத்துக்கு முன்னால், பனி மூடிய ஒரு காலையில், படகு அக்காவோடு மட்டும் திரும்பியது. அத்தான் தவறி விழுந்துவிட்டார் என்றாள். உடல் கிடைக்கவில்லை. மறுவாரமே அக்கா படகை எடுத்தாள். உப்பங்கழியின் நடுவில் மீன் வளர்க்கிற கூண்டுகளுக்கு வேலையாட்களைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அவள் பிழைப்பானது.

இப்போது அக்காவுக்குத் தண்ணீர் கண்ணிலேயே படாத ஒரு தூரத்து ஊரில், மாணவிகள் விடுதியில் வேலை கிடைத்திருந்தது. இன்று ஏழு மணிக்குப் பஸ். படகை என்ன செய்வாள்? தங்கைக்குத்தான் கொடுத்தாள். காலையில் படகுப் பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இளையவள் போன வாரமே மீன் பொதியும் கொட்டகை வேலையை விட்டுவிட்டாள். நாளைக் காலை உரிமம் பார்க்கிறவர் வருவார். அதற்குள் மோட்டாரைச் சுத்தம் செய்ய வேண்டும். கடைசியாக ஒரு தடவை அக்காவும் தங்கையும் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு.

"துடுப்பு ரெண்டையும் மேல வெச்சுடு. கால்ல தட்டும்."

துறையின்மேல் வைத்தாள்.

"மொதல்ல விசிறியைக் கழட்டு."

மோட்டாரின் அடியில், தண்ணீரைத் தள்ளுகிற மூன்று இலை விசிறியைச் சொன்னாள். இளையவள் திரும்பிப் பார்த்தாள். "மொதல்லயா? ப்ளக்கு, ஆயிலு எல்லாம் முடிச்சுட்டுக் கடைசியாத்தானே விசிறி? தண்ணில நிக்கற படகுக்கு விசிறியைக் கழட்டிட்டா கால் இல்லைன்னு நீதானே சொல்லிக் குடுத்த?"

"இன்னிக்கு நீர் சீக்கிரம் இறங்குது. வெளிச்சம் இருக்கும்போதே அதை முடிச்சுடலாம். எனக்குத் தெரியாதாடி?"

அக்காவுக்குத் தெரியாததா. இளையவள் ஸ்பேனரை எடுத்தாள்.

மோட்டாரின் தூக்குக் கொக்கி பழசு, பாதிதான் தூக்கும். விசிறி தண்ணீருக்கு மேலே வர வேண்டுமானால் யாராவது படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்து வாலை உயர்த்த வேண்டும். அக்கா முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். படகு கொஞ்சம் அசைந்தது. கொஞ்சம்தான்.

"மூணு வருஷமா இதைத் தனியா எப்படிக்கா செஞ்ச? முன்னாடி யாரு உக்காந்தா?"

"கல்லு வெச்சுப்பேன்."

எந்தக் கல்? துறையில் ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. கரை முழுக்கச் சேறு. ஆனால் அதைக் கேட்க இளையவளுக்குத் தோன்றவில்லை. அவள் ஏற்கெனவே வால்பலகைமேல் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்து, தலையும் கைகளும் தண்ணீருக்கு மேலே தொங்க, விசிறியின் கொண்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்படித் தொங்கும்போது படகில் நடப்பது எதுவும் கண்ணில் படாது. சேற்றின் புளித்த வாடையும், மோட்டாரில் ஊறியிருந்த பெட்ரோல் நெடியும், இறங்கிக்கொண்டிருந்த நீர் துறைக்கால்களை நக்கிச் செல்லும் சத்தமும், எங்கோ கூண்டுகளின் பக்கம் ஒரு தகரம் காற்றில் தட்டித் தட்டி ஓய்வதும்தான் உலகம். மற்றபடி சேதி சொல்வது வயிற்றுக்கு அடியில் இருக்கிற பலகை. யாராவது முன்னால் போனால் வால் ஏறும். யாராவது பின்னால் வந்தால் வால் இறங்கி, தண்ணீர் மணிக்கட்டைத் தொடும். திரும்பிப் பார்க்காமலே அக்கா எங்கே நிற்கிறாள் என்று சொல்லிவிடலாம்.

நட்டு கழன்றுவிடாமல் மாட்டியிருந்த கம்பிப் பின்னை நிமிர்த்தி உருவினாள். நட்டைத் திருகினாள்.

"நட்டுக்கு வலிக்குமோன்னு பாத்துப் பாத்துத் திருகறியே. அழுத்துடி."

"உனக்கென்ன, மகாராணி மாதிரி முன்னாடி உக்காந்துட்ட."

நட்டு இளகி வந்தது. தண்ணீருக்கு மேல் செய்யும் வேலையில் இவர்கள் இருவருக்கும் ஒரு சட்டம் உண்டு. கழற்றுகிறவள் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. கை வழுக்கினால் சேறு விழுங்கிவிடும். கழற்றியது ஒவ்வொன்றும் உடனே மற்றவள் கைக்குப் போக வேண்டும். இளையவள் நட்டையும் பின்னையும் வளையத்தையும் பின்னால் நீட்டினாள். அக்கா எழுந்து வந்து வாங்கி, சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டும் சத்தம் காதருகே கேட்டது. விசிறியையும் வாங்கிக்கொண்டாள்.

அக்கா அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுடைய சோப்பு வாசனை வந்தது. மூச்சு கேட்டது.

வால் இறங்கவில்லை.

இரண்டு பெண்கள், ஒரு மோட்டார், எல்லாம் ஒரே பக்கத்தில். தண்ணீர் முழங்கை வரைக்கும் ஏறியிருக்க வேண்டும். விரல்நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் காற்று இருந்தது. இளையவள் விரல்களை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பிறகு அவளுக்கே பதில் கிடைத்தது. மூக்கு சேற்றில் சிக்கியிருக்கும். நீர் இறங்குகிறதல்லவா. மனசு ஆறியது. பயப்படும் மனசுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், பாருங்கள். அது சரியா தப்பா என்று தட்டிப் பார்க்காது.

அக்காவின் காலடி முன்பக்கம் போனது.

விசிறி இருந்த தண்டில், ரப்பர் வளையத்தை ஒட்டி, தூண்டில் நரம்பு இறுகச் சுற்றியிருந்தது. இதுதான் வளையத்தை அறுத்து ஆயிலுக்குள் தண்ணீர் விடும். நகத்தால் பிரித்தாள். வரவில்லை.

"பஸ்ல சன்னல் பக்கமாக்கா?"

"ம்."

"போனதும் பேசு. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர்றேன்."

பதிலுக்கு முன்பக்கம் கயிறு உரசும் சத்தம்தான் வந்தது. அக்காவுக்கு அழுகை வருகிறது என்று நினைத்தாள். தனக்கும் வந்தது. மூன்று வருடமாக அக்கா கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்து மறுபாதியைக் காலியாக விட்டிருந்தது நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் ஏறினாலும் பக்கத்து இருக்கையில் பையை வைத்து யாரையும் உட்கார விடமாட்டாள். பாவம், அத்தானுக்கு இன்னும் இடம் வைக்கிறாள் என்று இளையவள் எத்தனை தடவை கண்ணைத் துடைத்திருக்கிறாள். புது ஊரிலாவது அக்கா நன்றாகக் கையைக் காலை நீட்டித் தூங்கட்டும்.

"அக்கா, அந்தச் சின்னக் கத்தியைக் குடு."

கையைப் பின்னால் நீட்டினாள்.

பலகை முனகியது. இந்தத் தடவை வால் இறங்கியது. மெதுவாக, ஒரே சீராக, தண்ணீர் விரலுக்கு ஏறி, மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்குப் பாதிவழி வந்து நின்றது. அக்காவுக்கு இவ்வளவு கனமா?

கத்தி அவள் உள்ளங்கையில் வைக்கப்பட்டது.

அக்கா கருவி கொடுத்தால் பிரம்பால் அடிப்பதுபோல டப்பென்று வைப்பாள். இது அப்படி இல்லை. பிடி முதலில் வந்தது. பிறகு விரல்கள். அவை அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிடியின்மேல் மடித்துவிட்டன. சுண்டுவிரல் வரைக்கும். வெகுநேரம் தண்ணீரில் ஊறிய சோப்பின் வழுவழுப்பு.

"கை ஏன்கா இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"என்னடி சொன்ன?"

குரல் தூரத்திலிருந்து வந்தது. உயரத்திலிருந்து.

இளையவள் திரும்பினாள்.

அக்கா துறையின்மேல் குந்தி உட்கார்ந்திருந்தாள். காலருகே விசிறி. கையில் கட்டுக்கயிறு. முடிச்சு அவிழ்ந்திருந்தது.

படகில் யாரும் இல்லை. பலகைகள் காலி. முன்பக்கத்திலிருந்து வால் வரைக்கும், நடைபலகையில், ஈரத் திட்டுகள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கடைசித் திட்டு அவள் பாதத்தை ஒட்டி. அவள் பார்க்கப் பார்க்க வால் ஏறியது. மூக்கு தாழ்ந்தது. ஏதோ பின்னோக்கி நடந்து தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

"அக்கா." வால்பலகையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி சொன்னாள். "அக்கா, யாரோ இருக்காங்க."

"ம்." அக்கா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒழுங்காக, வளையம் வளையமாக. "பயப்படாத. ஒண்ணும் செய்யாது. படகுலயும் இருக்கும், நம்ம கூடவும் இருக்கும். அவ்வளவுதான்."

"அத்தானா?"

அக்கா சிரித்தாள். சந்தோஷமில்லாத சிரிப்பு. "உங்க அத்தான் எங்க செத்தார்? பஸ் ஏறிப் போயிட்டார். 'கல்யாண நாளுக்குப் பரிசு'ன்னு படகை என் பேருக்கு எழுதினார்டி. நானும் பூரிச்சுப் போனேன். அன்னிக்குச் சாயங்காலம் இதே மாதிரி விசிறியைக் கழட்டச் சொன்னார். கயித்தை அவுத்து விட்டுட்டார், விடிஞ்சப்பறம்தான் அதோட கரை சேர்ந்தேன்."

நீர் படகை இழுத்தது. மூக்குக்கும் துறைக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி. ஒன்றரை கை.

"அக்கா, கயித்தை வீசு."

"பேர் மாறினா மட்டும் அது போகாதுடி. ரெண்டு பேருக்குக் குடுத்துப் பாத்தேன். போகல. அவங்களுக்கு என்மேல சந்தேகம் இருந்துது. வாங்கறவங்க முழுசா நம்பி வாங்கணும். அப்பதான் அவங்ககிட்ட ஒட்டும்." கயிற்றைத் தரையில் வைத்தாள். "உன்னை விட்டா என்னை அப்படி நம்ப வேற யாருடி இருக்கா?"

இளையவளுக்கு முதலில் பயம்கூட வரவில்லை. வாயைத் திறந்து நின்றாள், ஆறு வயதில், அம்மா போன அன்று வாசலில் நின்றமாதிரி. சண்டை போட வேண்டும் என்று தோன்றியது. ஏதோ புரியவில்லை என்று தோன்றியது. காலையில் அலுவலகத்தில், தன் பெயர் எழுதிய காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அப்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நட்டையாவது குடுத்துட்டுப் போ. அக்கா. நட்டு. விசிறி."

அக்கா பொத்தானைக் கழற்றினாள். நட்டை எடுத்தாள். பின்னையும் வளையத்தையும் எடுத்தாள். துறைக்காலின் தலையில், உருண்டுவிடாமல், பார்த்துப் பார்த்து வைத்தாள். விசிறியைக் கீழே சாய்த்து வைத்தாள்.

"இங்க வெச்சிருக்கேன். திரும்பி வந்தா எடுத்துக்க." கொஞ்சம் யோசித்தாள். "ராத்திரி படுக்கும்போது பாதி எடம் விட்டுடு. விடலைன்னா மேல படுத்துக்கும்."

"அக்கா!"

"எனக்கும் தூக்கம் வேணும்டி." முதல்தடவையாக அக்காவின் குரல் உடைந்தது. ஆனால் எழுந்து நடந்த கால் நிற்கவில்லை.

குதிக்கலாம். எங்கே? துறை படகின் மூக்குக்கு நேரே இருந்தது. அங்கே போக வேண்டுமானால் அதைத் தாண்டிப் போக வேண்டும். பக்கவாட்டில் இடுப்பளவு நீர், அதற்கு அடியில் ஆளை விழுங்கும் சேறு. துடுப்பு மேலே. விசிறி மேலே. எல்லாவற்றையும் தன் கையால்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றாக. சிரித்துக்கொண்டே.

இருந்தும் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

முன்பலகை முனகியது. எழுந்துகொள்ளும் முனகல்.

காலைப் பின்னால் எடுத்தாள். வாலோடு ஒட்டி உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கத்தி கையில் இருந்தது. எதைக் குத்த?

துறை நகர்ந்து நகர்ந்து சின்னதானது. வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. கரையில் தெருவிளக்கு ஒன்று எரிந்தது. அதன் கீழே அக்கா போய் நின்றாள். திரும்பிப் பார்ப்பாள். கட்டாயம் திரும்பிப் பார்ப்பாள். ஆறு வயதில் பள்ளி வாசலில் விட்டுப் போனபோதும் முனையில் நின்று ஒருமுறை பார்ப்பாளே.

அக்கா திரும்பவில்லை. இடது தோளை மட்டும் மேலே தூக்கினாள். இறக்கினாள். பிறகு சுழற்றினாள். வெகுநாள் கட்டுப்போட்டு அவிழ்த்த கையைச் சுழற்றிப் பார்க்கிறவர்கள்போல, நம்பாமல், மறுபடி மறுபடி. கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தாள். அந்தப் பக்கம் சாய்த்தாள். அப்புறம் நடந்தாள். வேகமாக. துள்ளல் என்று சொல்லலாம்.

ஈரத் திட்டு. முதல் பலகையில்.

இரண்டாவது.

வால் இறங்கியது. தண்ணீர் விளிம்புக்கு ஏறியது. இளையவள் கரையையே பார்த்தாள். இமைக்காமல். விளக்கின் கீழே யாரும் இல்லை.

மூன்றாவது.

நாலாவது.

பக்கத்துப் பலகை வளைந்தது. ஊறிய மரத்தின் வாடை. அவள் இடுப்போடு இடுப்பு ஒட்டி, நெருக்கமாக, கூச்சமே இல்லாமல்.

கத்தி கையிலிருந்து மெல்ல விலக்கப்பட்டது. கீழே வைக்கப்பட்டது.

அவள் இடது தோளில் ஏதோ சாய்ந்தது. ஒரு தலை. ஈரம் சட்டைக்குள் இறங்கி முதுகில் ஓடியது. தலை கனத்தது. இன்னும் கனத்தது. அவள் அசையவில்லை. அது ஒரு பெருமூச்சு விட்டு, முகத்தைத் திருப்பி, அவள் கழுத்து வளைவில் மூக்கைப் புதைத்துக்கொண்டு, தூங்கத் தொடங்கியது.